வாடை போன கேன்

கண்ணு,

இதை எழுதும்போது என் இடது கை எனக்குச் சொந்தமில்லை, ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்குச் சொந்தம். ஆட்டக் கூடாது, மடக்கக் கூடாது, அரித்தால் சொறியக்கூடக் கூடாது. வலது கை மட்டும் சும்மா கிடக்கிறது. பக்கத்துக் கட்டில் பெரியவர் வாயைத் திறந்து தூங்குகிறார். எதிர்க் கட்டில் அம்மா டிவியில் சீரியல் பார்த்து மாமியாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் நர்ஸ் பெண்ணிடம் பேனாவும் அட்டையும் கேட்டு வாங்கினேன். "என்னங்கம்மா, லவ் லெட்டரா?" என்றாள். "ஆமா சாமி, ஆனா அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லி, "சரிங்கம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை உன்னால் நடுவில் கட் பண்ண முடியாது.

வருகிற வெள்ளிக்கிழமை நம் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் உட்கார வைத்துக் கேட்கப் போகிறார்கள். மகன் மனசார ஒரு கிட்னி கொடுக்கிறேன் என்கிறார், அம்மாவுக்குச் சம்மதமா என்று. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது உனக்கு முன்னாடியே தெரிய வேண்டும். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் உன் முகம் சுண்டிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். காகிதத்தைக் கசக்கிப் போடாதே. எனக்கு இங்கே இன்னும் நேரம் கிடக்கிறது, உனக்கும் கொஞ்சம் பொறுமை இருக்கட்டும். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

நீ இந்த முடிவை எடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியும். போன ஐப்பசி மழையில் சேலம் ரோட்டில் மண் சரிந்து, பாறை உருண்டு, பஸ் நின்றுபோன அன்றைக்கு. அன்று எனக்கு மெஷின் முறை. மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்க வழியில்லை. மறுநாளும் வழியில்லை. கால் பருத்தது, முகம் ஊதியது, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். கூரையில் தண்ணீர், வாசலில் தண்ணீர், ஏரி நிறைந்து ரோட்டில் தண்ணீர், என் உடம்புக்குள்ளும் தண்ணீர். எதற்கும் வெளியே போக வழி தெரியவில்லை. "ஏனுங்க, என்னைய எப்படியாச்சும் கீழ கொண்டு போயிருங்க" என்று உங்கப்பாவிடம் கெஞ்சினேன். அந்த மனுஷர் மழையில் நனைந்து அலைந்து ஒரு ஜீப்பைப் பிடித்து வந்து, குப்பனூர் ரோட்டு வழியாக என்னை இறக்கினார். பனிமூட்டத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்றைக்குக்கூட அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது என் மூக்கில் மாஸ்க் இருந்தது. நீ அழவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "எனக்கு ரெண்டு இருக்குதுங்கம்மா, உங்களுக்கு ஒண்ணு போதும். இதுல யோசிக்க என்ன இருக்குது?" என்றாய். பஸ் ஸ்டாண்டில் பன்னைப் பிய்த்துப் பாதி கொடுக்கிற மாதிரி சொன்னாய். எனக்கு அப்போது பேச மூச்சில்லை. மூச்சு வந்து நான் பேசுவதற்குள் நீ ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லா டெஸ்ட்டும் முடித்து, பொருத்தம் பிரமாதம் என்று ரிப்போர்ட்டோடு வந்து நின்றாய். உன் ஜாதகத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு வேகமாகப் பொருத்தம் பார்க்கவில்லை.

நீ ஊருக்குப் போன பிறகு டாக்டரைத் தனியாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். "என்னோடது ஏனுங்க கெட்டுப் போச்சு?" அவர் நல்ல மனுஷர், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டார். "ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்கம்மா. உங்களுக்கு பிரஷர் இருந்திருக்கு, நீங்க கவனிக்கல. முதுகு வலிக்கு வருஷக்கணக்கா மாத்திரை வாங்கிப் போட்டிருக்கீங்க. வேற என்னவும் இருக்கலாம்" என்றார். அப்போதுதான் நான் கேனைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழிச்சு அதை இனிமே கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றார். கெடுத்தது இன்னதுதான் என்று தெரிந்தாலாவது அதைத் திட்டித் தீர்க்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறதை எப்படித் திட்டுவது? அந்தப் பதிலுக்குள்ளேதான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

கேனை நீ மறந்திருக்க மாட்டாய். கிளியூர்ப் பக்கம் எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நாம் இருந்தபோது உங்கப்பா மருந்தடிக்கிற கேங்கில் இருந்தார். காப்பிக்காய் துளைக்கிற பூச்சிக்கு அடிக்கிற மருந்து வெள்ளைக் கேனில் வரும். கனமான கேன், கெட்டி மூடி, கைப்பிடி வேறு. மருந்து தீர்ந்ததும் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் தனக்கு வேண்டியவர்களுக்கு அதைக் கொடுப்பார். அதற்கு அவ்வளவு போட்டி. ஊற்றுத் தண்ணீர் பிடித்து மேட்டில் தூக்கி வர அதைப்போல வேறு பாத்திரம் கிடையாது. குடம் தளும்பும், கேன் தளும்பாது. நமக்கு இரண்டு கிடைத்தபோது பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சும்மா எடுத்து யாரும் குடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மணல் போட்டுக் குலுக்குவோம். புளி கரைத்து ஊற்றி ஊற வைப்போம். சீயக்காய் போடுவோம். வெயிலில் கவிழ்த்து வைப்போம். தண்ணீர் நிரப்பிக் கொட்டுவோம், மறுபடி நிரப்பிக் கொட்டுவோம். மருந்து கெட்டது என்று எங்களுக்கும் தெரியும். அது போய்விட்டதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி மூக்குதான். பெரியவர்களின் மூக்கு புகையிலையிலும் அடுப்புப் புகையிலும் மரத்துப் போயிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சரியாகத் தெரியும் என்பது லைனில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அதிலும் உன் மூக்கு பெயர் போனது. பலா எந்த மரத்தில் பழுத்திருக்கிறது என்று வீட்டு வாசலிலிருந்தே சொல்லுவாய்.

அதனால் யார் வீட்டுக்குக் கேன் வந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். "சாமி, இங்க வா, கொஞ்சம் மோந்து பாரு." நீ பெரிய ஆபீசர் மாதிரி போவாய். மூடியைத் திறந்து, கேன் வாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுப்பாய். வாடை இருந்தால் இருமிக்கொண்டே, "இன்னும் இருக்குதுங்கக்கா, இன்னொருக்கா கழுவுங்க" என்பாய். அவர்கள் கழுவிவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். வாடை போகிறவரை நீதான் மோந்து பார்ப்பாய். கடைசியில், "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்குது" என்று நீ சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் கேனில் குடிதண்ணீர் பிடிப்பார்கள். கூலி ஒரு துண்டு வெல்லம். வாயில் அதக்கிக்கொண்டு நீ வருவாய், நான் அடுப்படியிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். என் பையன் நொம்பக் கெட்டிக்காரன் என்று நினைப்பேன்.

நர்ஸ் வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை இது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேனில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கேனை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தார்களே தவிர, படித்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. நான் கேன் தண்ணீரைக் குடித்தேன். நீ குடித்ததோடு, லைனில் இருந்த ஒவ்வொரு கேனையும் நெஞ்சு நிறைய இழுத்தும் இருக்கிறாய். இன்றைக்கு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "எல்லாம் நார்மலுங்கம்மா, ஒண்ணுமில்ல, நல்லா இருக்குது" என்கிறாய். கேனிலிருந்து தலையை எடுத்து நீ சொல்கிற அதே வார்த்தை, கண்ணு. அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரு லைன் முழுக்கத் தண்ணீர் குடித்தது.

டாக்டர் என்னைச் சமாதானம் பண்ணிப் பார்த்தார். ஒரு கிட்னியோடு நன்றாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர், உங்கள் மகனை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம், இன்றைக்கு அவர் உடம்பு நல்லா இருக்குது என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். எனக்கு அந்த 'இன்றைக்கு' மட்டும்தான் காதில் விழுந்தது. உன் வயசில் என்னைப் பார்த்திருந்தால் என்னையும் நல்லா இருக்குது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மிளகுக் கொடிக்கு ஏணி தூக்கினவள் நான். உன் உடம்பில் என்ன போய்த் தங்கியிருக்கிறதோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. தங்கியிருந்தால் அதைச் சுமக்க உனக்கு இரண்டும் வேண்டும். அதில் ஒன்றைப் பிடுங்கி நான் வைத்துக்கொண்டு நாளைக்கு நீ இந்தக் கட்டிலில் வந்து படுத்தால், அப்போது உனக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கும்?

நாம் டவுனுக்கு வந்து மெஸ் போட்ட பிறகாவது தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. சீசன் நாட்களில் டூரிஸ்ட் பஸ் ஏழெட்டு வந்து நிற்கும்போது கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, சுழற்றி, நூல் போட்டுக் கட்டுவேன். கை அவ்வளவு வேகம். கவர் சூட்டில் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் கட்டினேன். நமக்கும் மீந்தது அதே கவரில்தான் வீட்டுக்கு வந்தது. அப்புறம் கவர் கூடாது என்று சட்டம் வந்தது. "பாத்திரம் கொண்டு வாங்க" என்றால் காரில் வந்தவர்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். பேப்பர் கப்புக்கு மாறினேன். அதற்கு உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சுதான் என்று நீயே வந்து நகத்தால் உரித்துக் காட்டினாய். அன்றைக்கு உன்னை நான் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? "நான் எதுல தாண்டா ஊத்தறது? வாயிலயா?" என்று கத்தினேன். தப்பு உன்மேல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவே வந்து நின்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

அப்புறம் வீட்டில் இருந்த பிளாஸ்டிக்கையெல்லாம் தூக்கி வெளியே போட்டேன். உப்பு டப்பா, குடம், குழம்புக் கரண்டி வரைக்கும் எவர்சில்வர் ஆக்கினேன். உங்கப்பா பல்லு விளக்குகிற பிரஷ்ஷை ஒளித்து வைத்துக்கொண்டார், அதையும் பிடுங்கிவிடுவேன் என்று. இப்போது பார், என் கையிலிருந்து போகிற குழாய் பிளாஸ்டிக். என் ரத்தம் முழுக்க அதற்குள் போய்ச் சுற்றித் திரும்பி வருகிறது. ஊசி, பை, மூடி எல்லாம் அதுதான். ஒவ்வொரு தடவையும் கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள், புதுசு மாட்டுகிறார்கள். இதைத் திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை. இது இல்லாவிட்டால் நான் இல்லை. வீட்டிலிருந்து விரட்டினதை நாள் விட்டு நாள் பஸ் ஏறித் தேடி வருகிறேன்.

நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. எனக்கு ஆசை இருக்கிறது. நொம்ப ஆசை. ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல், கடகடவென்று குடிக்க வேண்டும். இப்போது அளந்து குடிக்கிறேன். தொண்டை காய்ந்தால் ஐஸ் துண்டை நக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் ஊர் ஆரஞ்சு எனக்கு ஆகாது, பலாச்சுளை ஆகாது. எதிர் வீட்டில் ஆரஞ்சு உரிக்கிற வாசனை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மாரமங்கலத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், போய் இரண்டு நாள் இருக்க முடியவில்லை, மெஷின் விடாது. உன் கிட்னி வந்தால் இதெல்லாம் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தூக்கத்தில் தண்ணீர் குடிக்கிறேன். விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அப்போதெல்லாம், சரி என்று சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. அதனால்தான் புத்தி தெளிவாக இருக்கிறபோதே எழுதி வைக்கிறேன்.

உன் பொண்டாட்டி போன மாதம் வந்திருந்தபோது என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். "உனக்கு என்ன சாமி தோணுது?" என்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவரு முடிவு பண்ணிட்டாருங்க அத்தை. நான் வேண்டாம்னா கெட்டவ ஆயிருவேன். சரின்னு சொல்ல பயமா இருக்குது" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அவளை நீ ஒன்றும் கேட்டுவிடாதே, நான்தான் வாயைக் கிளறினேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், நான் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. நீ கொடுக்காமல் இருக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறாய், அவள் பேச முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறாள், உங்கப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் தோட்டத்தில் போய் நிற்கிறார். இத்தனை பேரையும் அவிழ்த்துவிட என் ஒரு சொல் போதும் என்றால், அதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். போன தடவையே சொன்னாய். "நீங்கதானுங்கம்மா சொல்லிக் குடுத்தீங்க, வாங்குன போசிய வெறுமையாத் திருப்பித் தரக் கூடாதுன்னு. இந்த உடம்பு நீங்க குடுத்தது. நான் வெறும் கையோட எப்படி நிக்கறது?" என்றாய். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் நீ. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்த போசியை நாம் திருப்பிக் கொடுக்கும்போது என்ன போடுவோம்? ஒரு கை அரிசி. இல்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரை, ஒரு கொத்துக் கருவேப்பிலை. அவள் கொடுத்த குழம்பை அளந்து அதே அளவு யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். எனக்கும் அந்தக் கோபம்தான் வருகிறது.

நான் சாகப் போகிறேன் என்று இதை எழுதவில்லை. மூளைச்சாவு ஆனவர்களிடமிருந்து கிடைக்கிற கிட்னிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், உங்கப்பா கூட வந்தார். அதுவும் ஒரு சங்கடம்தான். யாரோ ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் போன் வரும். வரலாம், வராமலும் போகலாம். அதுவரைக்கும் இந்தக் கட்டில், இந்தக் குழாய், இந்த பஸ். மழைக்காலத்தில் கீழேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறோம், ரோடு சரிந்தால் சரியட்டும். அதற்கு நீ உதவி பண்ணு, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் உன் ரத்தத்தையும் பிரஷரையும் பார்த்துக்கொள். தலைவலிக்கு, முதுகுவலிக்கு உன் இஷ்டத்துக்கு மாத்திரை வாங்கிப் போடாதே. பெட்டியில் எழுதியிருப்பதைப் படி. உனக்குப் படிக்கத் தெரியும். பக்கத்தில் படிக்கத் தெரியாதவர் யாராவது அதைக் கையில் வைத்திருந்தால் அவருக்கும் படித்துச் சொல்லு.

மெஷின் கத்துகிறது. நர்ஸ் வந்து கழற்றப் போகிறாள். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை நானே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அதனால் வலது கையும் போய்விடும். சீக்கிரம் முடிக்கிறேன்.

போன தடவை மிளகுக் குழம்பு ஊற்றிக் கொடுத்த தூக்குப்போசி உன் வீட்டில்தான் இருக்கிறது. மருமகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கவரில் கட்டிக் கொடுத்திருந்தால் நீ தூக்கிப் போட்டிருப்பாய், நானும் கேட்டிருக்க மாட்டேன். எவர்சில்வர் என்பதால் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வரும்போது எடுத்துக்கொண்டு வா. வெறுமையாக வேண்டாம், உள்ளே ஒரு கை அரிசி போட்டுக்கொண்டு வா. கமிட்டியில் அவர்கள் என்னிடம் கேட்கும்போது, என் பையன் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டான் என்று போசியை மடியில் வைத்துக்கொண்டே சொல்லுவேன்.

அம்மா